‘300 வாட்ஸ்’ சோலர் தெருவிளக்கு: எங்கள் ஒழுங்கைகளுக்குச் சரிவருமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், முழுக்க வாசிக்க நேரம் இல்லாதவர்கள் இந்தப் பந்தியோடு போகலாம். விளக்கு எரிகிறது, மழை தாங்குகிறது, கறண்ட் பில் இல்லை. ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் 300 வாட்ஸ் பச்சைப் பொய். அதோடு ஒரு கார் போனால் சைக்கிள்காரர் இறங்கி ஒதுங்கி நிற்கவேண்டிய அகலத்தில் இருக்கும் ஒழுங்கைக்கு, இருபது அடி உயரத்தில், கண் கூசும் வெள்ளையில் ஒற்றை விளக்கு எதற்கு? அதே காசுக்குச் சின்ன மதில் விளக்குகள் ஐந்து வாங்கலாம். அந்தச் சின்னதையும் எங்கள் ஒழுங்கையில் போட்டுப் பார்த்தாயிற்று, அதைப் பற்றியும் கீழே எழுதுகிறேன். பெரியதற்கு ஐந்துக்கு இரண்டரைதான் கொடுப்பேன்.

யாழ்ப்பாணத்தில் நல்லூர்ப் பக்கம் ஒழுங்கை. சந்தியில் மாநகரசபை விளக்கு இருக்கிறது, உள்ளே திரும்பினால் இருட்டு. இரண்டு பக்கமும் ஆளுயர மதில், நடுவே ஒரு பெரிய மாமரம் மதிலுக்கு மேலால் றோட்டுக்கு வந்து நிற்கிறது, கடைசி வீட்டுப் படலைக்கு முன்னால் ஒரு வெள்ள வாய்க்கால், அதற்கு மூடி கிடையாது. முன்னர் இங்கே இருந்து இப்போது கனடாவில் இருக்கும் ஒருவர், போன நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த நேரம் அந்த வாய்க்காலுக்குள் காலை விட்டுவிட்டார். திரும்பிப் போனதும் காசு அனுப்பிவிட்டார், விளக்குப் போடுங்கள் என்று. கஸ்தூரியார் வீதியில் ஒரு மின்சாமான் கடையில் 11,500 ரூபாய்க்கு எடுத்தோம். கடைப் பெடியன் சொன்னது: “அண்ணை, இதப் போட்டா ஒழுங்கை முழுக்கப் பகல் மாதிரித்தான் இருக்கும்.” பெட்டிக்குள் விளக்குத் தலை, தனியாகச் சோலர் தட்டு, கம்பத்தில் பூட்டும் கை, ஒரு றிமோட், ஆணிகள். கை நல்ல கனமான தகரம், அதில் குறை இல்லை. ஆணிகள் மட்டும் எங்கள் உப்புக்காற்றுக்கு ஒரு வருடம் கூடத் தாங்காது, பூட்டும்போதே துருப்பிடிக்காத எஃகு ஆணி தனியாக வாங்கிப் போடுங்கள்.

இப்போது அந்த 300 வாட்ஸ் கணக்கு. ஒழுங்கையில் ரேடியோ, மோட்டர் திருத்துகிற ஒருவர் இருக்கிறார், அவர் பூட்டுவதற்கு முன்பே பின்மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டார். உள்ளே 3.2 வோல்ட் லிதியம் இரும்புப் பொஸ்பேற் பற்றரி மூன்று, ஒவ்வொன்றும் 6,000 மில்லி அம்பியர் மணி. மூன்றையும் கூட்டினால் ஏறக்குறைய 58 வாட் மணி. உண்மையாகவே 300 வாட்ஸ் இழுத்தால் இந்தப் பற்றரி பதினொன்றரை நிமிடத்தில் படுத்துவிடும். பின்னேரம் ஆறரைக்கு எரியத் தொடங்கி விடிய ஆறரை வரை எரிய வேண்டும் என்றால் சராசரியாக 5 வாட்ஸுக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் செலவழிக்க முடியும். நடப்பதும் அதுதான். முதல் ஓரிரண்டு மணித்தியாலம் பெரிய எடுப்பு எடுக்கும், பிறகு தானாகவே மங்கி, ஆள் வந்தால் மட்டும் கூடும். இரவு முழுதும் சேர்த்துப் பார்த்தால் பழைய 40 வாட்ஸ் குண்டு பல்ப் ஒன்று தருகிற வெளிச்சம் அளவுக்குத்தான் வரும். அது ஒன்றும் மோசமான வெளிச்சம் இல்லை. அதை அப்படியே எழுதி விற்கலாமே என்பதுதான் என் கேள்வி.

சரி, இந்தப் பித்தலாட்டம் சீனாவில் இருந்து நேற்று வந்தது என்று நினைக்க வேண்டாம். தெருவுக்கு மின்விளக்கு வந்த காலத்திலேயே லேபிள் பொய்யும் வந்துவிட்டது. 1879 ஏப்ரல் 29ஆம் திகதி அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகரச் சதுக்கத்தில் சார்ள்ஸ் பிரஷ் என்பவர் பன்னிரண்டு வில் விளக்குகளை ஏற்றிக் காட்டினார். இரண்டு கரிக்குச்சிகளைக் கிட்டக் கொண்டுவந்து இடையிலே மின்சாரத்தைப் பாய விட்டால் வெல்டிங் அடிக்கிறபோது வருவது போல ஒரு வெள்ளைத் தீ நிற்கும், அதுதான் வில் விளக்கு. பிரஷ்ஷின் விளக்கு ஒன்று 2,000 மெழுகுதிரி வெளிச்சம் என்று விற்கப்பட்டது. மாநகரசபைகள் அந்த எண்ணைப் பார்த்து ஒப்பந்தம் எழுதின. அளந்து பார்த்தவர்களுக்கு எல்லாப் பக்கத்தையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் அந்த 2,000 வரவில்லை, அதில் ஒரு பகுதிதான் வந்தது, ஏனென்றால் கரிவிளக்கு ஒரு கோணத்தில் மட்டும் பலமாக அடிக்கும், மற்றப் பக்கங்களில் மங்கல். வழக்கு வம்பு எல்லாம் வந்து கடைசியில் 1894இல் அமெரிக்க மின்விளக்குக் கம்பனிகளின் சங்கம் வெளிச்சத்தையே விட்டுவிட்டது: ‘2,000 மெழுகுதிரி விளக்கு’ என்று சொன்னால் 450 வாட்ஸ் எடுக்கிற விளக்கு என்று பொருள் கொள்ளுங்கள், அவ்வளவுதான். அதாவது அன்றைக்கு வெளிச்சத்தைக் கூட்டிச் சொல்லி மாட்டுப்பட்டுப் பிறகு வாட்ஸில் வந்து நின்றார்கள், இன்றைக்கு வாட்ஸைக் கூட்டிச் சொல்கிறார்கள். ஆகவே பெட்டியில் வாட்ஸைப் பார்க்காதீர்கள், பற்றரியின் வோல்ட்டையும் அம்பியர் மணியையும் கேட்டுப் பெருக்கிப் பாருங்கள், சொல்ல மாட்டேன் என்றால் அந்தக் கடையை விட்டு வெளியே வாருங்கள்.

வெளிச்சத்தின் குணம் அடுத்த பிரச்சினை. நிறத்துக்கு 6500 கெல்வின் என்று போட்டிருக்கிறது, நீலம் கலந்த வெள்ளை. விளக்குக்கு நேரே கீழே நின்றால் ஊசிக்கு நூல் கோர்க்கலாம். பத்து யார் தூரம் தள்ளிப் போனால் மதில் நிழல், மாமர நிழல். வெளிச்சத்தைப் பார்த்த கண்ணுக்கு அந்த நிழல் முந்திய இருட்டைவிடக் கறுப்பாக இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால் எந்த வாய்க்காலுக்காக இந்த விளக்கு வந்ததோ அந்த வாய்க்கால் மாமரத்துக்கு அந்தப் பக்கம், அங்கே வெளிச்சம் போகவே இல்லை. மரத்தின் உச்சி மட்டும் வடிவாகத் தெரிகிறது, வௌவால்களுக்கு உதவியாக இருக்கலாம்.

இதைத்தான் 1880களில் பெரிய பெரிய ஊர்கள் எல்லாம் பெரும் செலவில் செய்து பார்த்தன. வில் விளக்கைச் சின்னதாக்க முடியாது, எரிந்தால் அந்த வெறியோடுதான் எரியும். கண் உயரத்தில் வைத்தால் ஒருவரும் நடக்க முடியாது. சரி, உயரத்துக்குக் கொண்டுபோ என்றார்கள். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் வபாஷ் என்ற சின்ன ஊரில் 1880 மார்ச் 31ஆம் திகதி இரவு நீதிமன்றக் கட்டிடத்தின் கும்பத்தில் நாலு பிரஷ் விளக்குகளை ஏற்றினார்கள், சூடடிக்கும் இயந்திரத்தின் நீராவி எஞ்சினை வைத்து மின்சாரம் எடுத்து. நாலே விளக்கு, முழு ஊருக்கும். கலிபோர்னியாவின் சான் ஹொசேயில் 1881இல் இரண்டு பெரிய தெருக்கள் சந்திக்கும் இடத்துக்கு மேலே 237 அடிக்கு ஓர் இரும்புக் கோபுரமே கட்டினார்கள். நாலு தெருமூலையிலும் கால் ஊன்றி நிற்கும், கீழே வண்டி போகும், உச்சியில் ஆறு வில் விளக்குகள். டிட்ரோயிட்டில் இப்படி 122 கோபுரங்கள் நின்றன. டெக்சஸ் மாநிலத்து ஒஸ்ரினில் 1894-95இல் 165 அடிக் கோபுரங்கள் 31 போட்டார்கள், அவற்றில் சில இன்றைக்கும் நிற்கின்றன, நிலாக் கோபுரம் என்றுதான் பெயர். கமக்காரர்கள் சோளப் பயிர் இரவிலும் வளர்ந்துவிடும் என்று பயந்ததாகக் கதை உண்டு. என்ன ஆனது? கூரைகளும் மர உச்சிகளும் பளிச்சென்று தெரிந்தன, மரங்களுக்குக் கீழே நடைபாதை இருட்டாகவே கிடந்தது. எங்கள் மாமரக் கதைதான். சான் ஹொசேக் கோபுரம் நகரத்தை எதிர்பார்த்த அளவுக்கு ஒருநாளும் ஒளியூட்டவில்லை, 1915இல் ஒரு காற்றுக்கு விழுந்துவிட்டது.

பரிசில் கதை வேறு மாதிரி. பாவெல் யாப்லொச்கோவ் என்ற ரஷ்யப் பொறியியலாளர் 1876இல் இரண்டு கரிக்குச்சிகளைப் பக்கம் பக்கமாக நிறுத்தி, இடையில் வெள்ளைக் களிமண்ணை வைத்து மெழுகுதிரி போலச் செய்தார். 1878 கண்காட்சிக்காக ஒப்பேரா அவெனியூவில் அதை வரிசையாக வைத்தார்கள், உலகமே வாயைப் பிளந்து பார்த்தது. ஆனால் ஒரு திரி ஒன்றரை இரண்டு மணித்தியாலந்தான் நிற்கும். ஒரு கண்ணாடிக் குண்டுக்குள் நாலைந்தை வைத்து, ஒன்று முடிய அடுத்ததற்கு மாற்றினார்கள். அதே வருடம் இலண்டனில் தேம்ஸ் கரையிலும் போட்டார்கள், 1884இல் செலவு கட்டவில்லை என்று பழையபடி காஸ் விளக்குக்கே திரும்பிவிட்டார்கள். மின்விளக்கு வந்ததும் காஸ் ஒழிந்தது என்று நினைப்பவர்களுக்கு இது செய்தி. காஸ் அவ்வளவு இலகுவில் போகவில்லை, ஆவர் என்ற ஒஸ்ரியர் கண்டுபிடித்த, தீயில் வெள்ளையாக ஒளிரும் மேன்டில் வலை வந்ததும் இன்னும் பல வருடம் நின்று அடித்தது. அந்த மேன்டில்தான் எங்கள் ஊரில் கோயில் திருவிழாக்களுக்கும் கலியாண வீடுகளுக்கும் தலையில் தூக்கிக்கொண்டு போன பெற்றோமக்ஸில் தொங்கியது.

நான் சின்ன விளக்குக் கட்சி. அதற்குக் காரணம் கோடல்மிங் என்ற இங்கிலாந்துச் சிற்றூர். 1881இல் அங்கே காஸ் கம்பனி கேட்ட விலை சரிவரவில்லை என்று ஊர்ச்சபை மின்சாரத்துக்கு மாறியது. ஆற்றங்கரையில் ஒரு தோல் பதனிடும் ஆலையின் நீர்ச்சில்லைச் சுழற்றி மின்சாரம் எடுத்தார்கள். பெரிய தெருவில் ஏழு வில் விளக்கு, ஒடுங்கிய பக்கத் தெருக்களில் ஸ்வான் கண்டுபிடித்த சின்ன இழை பல்ப் ஏறக்குறைய நாற்பது. தெருவைத் தோண்ட அனுமதி இல்லை, ஆகவே வயரை வாய்க்கால் வழியாகவே கொண்டுபோனார்கள். கேட்கவே நெஞ்சு பதறுகிறது, ஆனால் உண்மை. ஆற்றில் வெள்ளம் வந்தால் சில்லு சரியாகச் சுற்றாது, விளக்கு தடுமாறும், பிறகு நீராவி எஞ்சின் வைக்க வேண்டி வந்தது. 1884இல் நட்டம் என்று கம்பனி கையை விரித்தது, ஊர் காஸுக்குத் திரும்பியது. மின்சாரம் மறுபடி வர 1904 ஆனது. ஆனால் ஒடுங்கிய தெருவுக்குச் சின்ன விளக்கு என்ற அந்த யோசனை சரி. அதே 1884 நவம்பர் 12ஆம் திகதி இன்றைய ருமேனியாவில் இருக்கும் திமிசோரா நகரம் 731 சின்ன இழை விளக்குகளைத் தெருக்களில் ஏற்றியது, 59 கிலோமீற்றர் நீளத்துக்கு. கோபுரம் கிடையாது, சூரியனுக்குப் போட்டி கிடையாது. காலப்போக்கில் பெரும்பாலான நகரங்கள் போனது அந்த வழியில்தான்.

அதே மாதிரி எங்கள் ஒழுங்கையில் மதில்களில் பூட்டிய சின்ன சோலர் விளக்கு ஒன்று 2,300 ரூபாய். பற்றரி 9 வாட் மணிகூட வராது, ஆள் இல்லாத நேரம் மினுக்கு மினுக்கென்று கிடக்கும், யாரும் வந்தால் பளிச்சென்று எரியும். மஞ்சள் கலந்த 3000 கெல்வினில் கேட்டு வாங்குங்கள், கடையில் பெரும்பாலும் வெள்ளைதான் முன்னுக்கு வைத்திருப்பார்கள், உள்ளே இருக்கிறதா என்று கேட்க வேண்டும். ஐந்தையும் சேர்த்தால் பற்றரி 45 வாட் மணிதான், பெரியதைவிடக் குறைவு. ஆனாலும் ஒழுங்கை முனையில் இருந்து கடைசிப் படலை வரை நிலம் தெரிகிறது, வாய்க்கால் தெரிகிறது, எதிரே வருகிறவரின் முகம் தெரிகிறது. பெரிய விளக்கில் முகம் தெரியாது, தலைமயிர் மட்டும் மினுங்கும். வாய்க்காலுக்கு மூடி போட்டிருந்தால் இவ்வளவு கதையும் தேவையில்லை என்று எங்கள் வாசிகசாலையில் ஒருவர் சொன்னார், அதுவும் சரிதான்.

மழைக்காலம் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். கோடல்மிங்குக்கு ஆற்று வெள்ளம் என்றால் எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகை. வெயில் காலத்தில் பெரிய விளக்கின் 15 வாட்ஸ் தட்டு மத்தியானம் தாண்டியதும் பற்றரியை நிரப்பிவிடுகிறது. மாரியில் வானம் மூடிக் கிடந்தால் அதில் ஐந்தில் ஒரு பங்கு வந்தாலே பெரிய காரியம், மூன்றாம் நாள் சாமத்தோடு விளக்கு அணைந்துவிடும். இதற்கு விளக்கைக் குறை சொல்ல முடியாது, ஆனால் சில விஷயம் நம் கையில் இருக்கிறது. தட்டைத் தெற்கே பார்த்துச் சாய்த்துப் பூட்டுங்கள், மழைக்காலத்தில் சூரியன் தெற்கேதான் நிற்கும். சாய்வு கொஞ்சம் கூடினால் காகத்தின் எச்சமும் புழுதியும் மழையோடு கழுவுண்டு போகும். பனையோலை நிழல் ஒரு மூலையில் விழுந்தாலும் சார்ஜ் பாதியாகும், ஆகவே காலை பத்து மணிக்கும் பின்னேரம் மூன்று மணிக்கும் நின்று பார்த்துவிட்டு இடத்தைத் தெரிவு செய்யுங்கள். இன்னொன்று, இந்த விளக்குக்கு இருட்டு உணரும் கண் தனியாகக் கிடையாது, சோலர் தட்டுத்தான் கண். தட்டில் சந்தி விளக்கின் வெளிச்சம் விழுந்தால் இன்னும் பகல் என்று நினைத்துக்கொண்டு எரியாமல் இருக்கும். பக்கத்து ஒழுங்கையில் ஒருவர் விளக்குப் பழுது என்று கடைக்குத் திருப்பிக் கொடுக்கப் போனார், தட்டைத் திருப்பி வைத்ததும் எரிந்தது.

மங்கி எரியும் முறையைச் சிலர் ஏமாற்று என்கிறார்கள். எனக்கு அது இந்த விளக்கில் மிகவும் பிடித்த அம்சம். அந்தக் காலத்து அமெரிக்க நகரங்களில் நிலாக் கணக்கு என்று ஒன்று இருந்தது, ஒப்பந்தத்திலேயே எழுதியிருப்பார்கள்: நிலவு இருக்கும் இரவுகளில், நிலவு இருக்கும் நேரத்துக்கு விளக்கு ஏற்றத் தேவையில்லை, அதற்குக் காசும் இல்லை. முகில் மூடிய பறுவத்தன்று சனம் இருட்டில் தடவிக்கொண்டு திரிந்திருக்கும். இந்த றிமோட்டில் அப்படி ஒன்று இல்லை, ஆனால் பறுவ நாட்களில் நான் மங்கலிலேயே விட்டுவிடுகிறேன், ஒருவரும் கேட்கவில்லை.

எங்கள் ஊரில் இவ்வளவு பேர் தாங்களே தெருவிளக்கு வாங்கிப் போடுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது: மின்சாரம் எங்களுக்குப் பிந்தித்தான் வந்தது, வந்தும் நிலைக்கவில்லை. நியூயோர்க்கில் எடிசன் பேர்ல் தெரு மின்நிலையத்தைத் தொடங்கியது 1882 செப்ரெம்பர் 4, எங்கள் மணிக்கூட்டுக் கோபுரம் கட்டி முடிந்ததும் அதே 1882. கொழும்புக் கோட்டையில் பிரிஸ்டல் கட்டிடத்தில் பூஸ்டெட் சகோதரர்கள் சின்ன மின்நிலையம் போட்டது 1895. பெங்களூர்த் தெருக்களில் 1905இல் விளக்கு எரிந்துவிட்டது. விமலசுரேந்திர என்ற பொறியியலாளர் 1918இல் மலையாற்று நீரில் மின்சாரம் எடுக்கலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார், லக்சபானவில் அது ஓடத் தொடங்க 1950 ஆனது. எங்களுக்குச் சுன்னாகத்து டீசல் இயந்திரங்களும் பிறகு தேசிய மின்கம்பியும் வந்தன, 1990இல் போரோடு அதுவும் அறுந்தது. அதற்குப் பிறகு ஜாம் போத்தலுக்குள் பஞ்சு, அதில் கொஞ்சம் மண்ணெண்ணெய், ஒரு திரி. ஒரு தலைமுறை அந்த வெளிச்சத்தில்தான் சோதனைக்குப் படித்தது. வடக்கு மறுபடி தேசிய மின்கம்பியோடு முழுதாகச் சேர்ந்தது 2013இல். 2022 மார்ச் 31ஆம் திகதி, நாள் முழுக்கப் பதின்மூன்று மணித்தியாலம் வெட்டு அறிவித்த அன்று, மின்சாரத்தை மிச்சம் பிடிக்க நாடு முழுக்கத் தெருவிளக்குகளை அணைக்கச் சொல்லியாயிற்று என்று அமைச்சர் சொன்னார். வபாஷ் விளக்கு ஏற்றியதும் ஒரு மார்ச் 31தான். இப்படி வந்து வந்து போன சாமான் என்றபடியால் சனத்துக்குச் சொந்த விளக்கு, சொந்தப் பற்றரி என்றால் ஒரு ஆசை, அந்த ஆசையை வைத்துத்தான் கடைக்காரர்கள் 300 வாட்ஸ், 500 வாட்ஸ் என்று விற்கிறார்கள்.

ஒழுங்கைக்காரர் என்ன சொல்கிறார்கள் என்றால், கம்பத்துக்கு எதிர்வீட்டு அம்மா முதல் கிழமையிலேயே வந்துவிட்டார்: “தம்பி, உந்த லைற்றைக் கொஞ்சம் அங்கால திருப்பி விடு, யன்னலுக்குள்ள நேர அடிக்குது, நித்திரையில்லை.” திருப்பி விட்டோம், அடுத்த வீட்டு யன்னலுக்கு அடித்தது. தலையைக் கீழ்நோக்கிச் சாய்க்க இந்த மொடலில் வசதி இல்லை, இது பெரிய குறை. தகரத்தில் ஒரு மறைப்பு வெட்டிப் பூட்டிய பிறகுதான் சரிவந்தது. வெள்ளை வெளிச்சத்துக்கு ஈசல் கொட்டுகிறது, மழை பெய்த இரவு விளக்குக்குக் கீழே சிறகு கூட்டி அள்ளலாம், மஞ்சள் விளக்குகளுக்கு அவ்வளவு இல்லை. ஆள் உணரும் கருவி நாய்க்கும் எரிகிறது, எங்கள் ஒழுங்கை நாய்கள் இரவெல்லாம் அதோடு விளையாடுகின்றன.

யாருக்கு இந்தப் பெரிய விளக்கு சரி? கோயில் வீதி, விளையாட்டு மைதானம், வயல் கிணற்றடி, மரம் மதில் இல்லாத திறந்த வளவு. அங்கே வாங்கலாம், இரண்டரையை மூன்றரையாகக் கூட்டி வாசியுங்கள். ஒழுங்கைக்கு என்றால் சின்னது, மதில் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, இருபது யார் தூரத்துக்கு ஒன்று, இரண்டு பக்கமும் மாறி மாறி. உத்தரவாதம் ஒரு வருடம் என்று வாயால் சொல்வார்கள், பில்லில் எழுதி வாங்குங்கள், பற்றரிக்கும் சேர்த்து என்று எழுதச் சொல்லுங்கள், ஏனென்றால் முதலில் போவது பற்றரிதான். மின்சாரசபைக் கம்பத்தில் கேட்காமல் பூட்டாதீர்கள், நாங்கள் தனியாக ஒரு கல்வனைஸ் பைப் நட்டோம், கொங்கிறீற்றோடு 4,000 ரூபாய் போனது. பெரிய விளக்கை இப்போது கழற்றி வாசிகசாலை முற்றத்துக்குக் கொடுக்கலாமா என்று கதை நடக்கிறது. கனடாக்காரர் சம்மதம், அந்தப் பைப்பை யார் கிண்டி எடுப்பது என்பதில்தான் இழுபடுகிறது.